உதட்டுக்கு முன்னால் வந்த குரல்

நெயாஃபு, வவாவு
1993 பிப்ரவரி 4

சியோசிஃபாவுக்கு,

மூன்று வருஷம் கழித்துக் கடிதம் வருகிறதே, அக்கா மனம் இளகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு பொருள் வேண்டும். டோங்காவில் எங்கும் கிடைக்கவில்லை. ஆக்லாந்தில் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

தாளம் காட்டும் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பு. கம்பி இப்படியும் அப்படியும் ஆடி, ‘டக் டக்’ என்று சொல்லுமே, அது. பாதிரிமார் பள்ளியில் ஒன்று இருந்தது, உனக்கு நினைவிருக்கும்.

எதற்கு என்று கேட்பாய். நம் பாடகர் குழு கெட்டுப்போய்விட்டது. நான் கையை உயர்த்தினால் நாற்பத்தெட்டு வாயும் ஒரே கதவு போலத் திறக்கும். பதினாறு வருஷம் அப்படித்தான் திறந்தது. நீ திருச்சபை மாநாட்டுப் பாட்டுப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அடிக்குரல் வரிசையை விட்டுவிட்டு விமானம் ஏறினாயே, அப்போதுகூடத் திறந்தது. இப்போது பாட்டு முதலில் வருகிறது, வாய் பிறகு திறக்கிறது. முன்வரிசைக்காரிகள் பாடாமல் வாயை மட்டும் அசைக்கிறார்கள், பின்வரிசையில் யாரோ அவர்களுக்காகப் பாடுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

லோசலினேயை எல்லார் முன்னாலும் பிடித்தேன். “டீச்சர், நான் பாடிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். “உன் வாய் ஒரு பக்கம் போகுது, உன் குரல் ஒரு பக்கம் போகுது. யாரை ஏமாத்தற?” என்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பாடுகிறவள். போகச் சொல்லிவிட்டேன். போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் ஆலயப் படியில் வழுக்கி விழுந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். பின்மண்டையில் அடி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தையும் குழுவையும் பழையபடி நடத்துகிறேன். அதைப் பற்றி விசாரித்து எழுத வேண்டாம்.

மாநாடு ஜூன் மாதம். பெட்டி சீக்கிரம் வரட்டும்.

காலோலைனே


ஆக்லாந்து
1993 பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் பஸ் நிறுத்தத்திலேயே பிரித்துவிட்டேன். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். வேலைக்குத் தாமதமாகப் போனது இந்த மூன்று வருஷத்தில் அன்று ஒரு நாள்தான்.

பெட்டியை வாங்கிவிட்டேன். நம் ஆலயப் போதகர் ஃபிலிமோனேயின் மைத்துனர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன். துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறார்.

மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பு கிளம்பியது தவறு. விசா வந்த தேதி அது என்று அன்று சொன்னேன். அது காரணம்தான், ஆனால் நியாயம் இல்லை. அந்த வருஷம் அடிக்குரல் வரிசையில் நான் இல்லாமலே நீங்கள் மூன்றாவது இடம் வாங்கினீர்கள் என்று கேட்டபோது எனக்குப் பெருமை வந்ததா, வெட்கம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கப் போனேன். இப்போது தரை துடைப்பதில்லை. மனிதர்கள் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். வருகிறவர்களின் தலையில், மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் கம்பிகள் பதித்த தொப்பியைப் பொருத்துவது என் வேலை. ஒரு முடி குறுக்கே நின்றாலும் கணக்குத் தப்பிவிடும். என்னைத் ‘தொப்பிக்காரர்’ என்கிறார்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் எனக்காக ஒன்று செய்வீர்களா? கம்பியின் ஆட்டமும் ‘டக்’ என்ற சத்தமும் ஒன்றாக வருகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். கடைக்காரன் நல்ல பெட்டிதான் கொடுத்தானா என்று தெரிந்துகொள்ள.

விழுந்ததைப் பற்றி விசாரிக்கவில்லை.

உங்கள் தம்பி
சியோசிஃபா


நெயாஃபு
1993 மார்ச் 10

சியோசிஃபாவுக்கு,

உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பெட்டி பழுது. ‘டக்’ முதலில் வருகிறது. கம்பி அதன் பின்னால் ஆடி அசைந்து வருகிறது. இதை வைத்துக்கொண்டு நான் யாருக்குத் தாளம் காட்ட?

சேமிசியிடம் காட்டினேன். ஆண்களின் மேல்குரல் வரிசையில் நிற்பானே, எனக்கு அடுத்தபடியாகக் குழுவைப் பார்த்துக்கொள்கிறவன். “நல்லாத்தான இருக்கு டீச்சர்?” என்றான். பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகளிடம் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு முன்னால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் அவர்கள் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாதா?

போதகர் ஃபிலிமோனேயின் பிரசங்கமும் சரியில்லை. புதிதாகப் பல் செட் வைத்திருக்கிறார், அதனால் என்று நினைத்தேன். சொல் காதில் விழுந்து முடிந்த பிறகு உதடு அந்தச் சொல்லைச் சொல்கிறது. நெயாஃபு கொட்டகையில் போடும் சீனச் சண்டைப் படத்தில் வருமே, ஆள் ஒன்று பேசுவான், குரல் ஒன்று பேசும், அது போல. ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாந்தி வருகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டது தெரிந்து அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை.

நேற்று கண்ணாடி முன் நின்று நானே பாடிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வேறு பெட்டி அனுப்பு.

காலோலைனே


ஆக்லாந்து
1993 மார்ச் 26

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் வரிசையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெட்டி நல்ல பெட்டி. அனுப்பும் முன் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். கடைக்காரனைச் சோதிக்க என்று உங்களிடம் சொன்னது பொய். மன்னிக்க வேண்டும்.

ஒருவர் நம் எதிரில் நின்று பேசும்போது ஒரே ஆள், ஒரே பேச்சு என்றுதான் நமக்குத் தெரிகிறது. ஆனால் முகம் கண் வழியாக ஒரு பாதையில் போகிறது. குரல் காது வழியாக வேறு பாதையில் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. முந்தி வந்ததை மூளை கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. மற்றது வந்ததும் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ‘இதோ, இவர் பேசுகிறார்’ என்று நம்மிடம் கொடுக்கிறது. எவ்வளவு அவசரமான வேலை பாருங்கள். பிறந்த நாள் முதல் யாரும் பாராட்டாமல் செய்கிற வேலை.

வேலையில் சேர்ந்த வாரம் எனக்கு ஒரு படம் காட்டினார்கள். படத்தில் ஒருவர் வாயால் ‘க’ என்கிறார். குரலை மட்டும் மாற்றி ‘ப’ என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு ‘த’ என்று கேட்டது. கண்ணை மூடினேன், ‘ப’. திறந்தேன், மறுபடி ‘த’. கோபம் வந்துவிட்டது. என் காது அடிக்குரல் வரிசையில் உங்களிடம் பழகிய காது. அதைப் போய் ஒரு படம் ஏமாற்றுகிறதே! டாக்டர் இசொபெல் சிரித்தார். “ஏமாந்தா நல்லது சியோசிஃபா. உன் மூளை ரெண்டையும் சேர்க்குதுன்னு அர்த்தம்” என்றார். அவர்தான் இந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி.

அக்கா, சிலருக்கு அடிபட்ட பிறகு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. குரல் முந்திவிடுகிறது. முகம் பிந்திவிடுகிறது. புத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. காது சரி, கண்ணும் சரி. நேரம் மட்டும்தான் தப்புகிறது. உங்கள் பெயரைச் சொல்லாமல் டாக்டர் இசொபெலிடம் கேட்டேன். “அவங்களை இங்க வரச் சொல்ல முடியுமா?” என்றார்.

வருவீர்களா? உங்கள் தலையைப் பற்றி ஒரு தம்பி இப்படிக் கடிதம் எழுதுவதே தவறு. தொப்பியை நான் பொருத்தப் போவதில்லை. அக்காவின் தலையைத் தம்பி தொடக்கூடாது என்ற நம் ஊர் முறை எனக்கு மறக்கவில்லை. இங்கே ரூத் என்ற பெண் இருக்கிறாள், அவள் செய்வாள். நான் வெளியே நிற்பேன்.

லோசலினே பாடிக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

சியோசிஃபா


நெயாஃபு
1993 ஏப்ரல் 7

சியோசிஃபாவுக்கு,

என் குழுவை விட்டு ஓடினாய். இப்போது என் தலை உடைந்துவிட்டது என்கிறாய். வெள்ளைக்காரர்களிடம் போய் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறாய்.

உன் பெட்டியை அதே மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எழுதாதே.

காலோலைனே


ஆக்லாந்து
1993 ஏப்ரல் 22

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

என் வாழ்நாளில் உங்கள் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதில்லை. சொல்லாமல் கிளம்பிப் போனேனே தவிர, எதிர்த்துப் பேசவில்லை. இன்று பேசுகிறேன். நானூறு தலைகளுக்கு மேல் தொப்பி பொருத்தியிருக்கிறேன். என் கைபட்ட ஒரு பதிவையும் அவர்கள் இதுவரை தூக்கிப் போட்டதில்லை. வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு என்னைத்தான் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு எத்தனையோ தெரியாது. இது தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நான் உங்களுக்குக் கீழே இல்லை.

ஒரே ஒரு பாட்டு. வழக்கம் போல நில்லுங்கள், கையை உயர்த்துங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அப்போதும் குழு தப்பாகப் பாடினால் நான் சொன்னதெல்லாம் பொய். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஆலயத்தின் நடுவில் உட்கார்ந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சியோசிஃபா


நெயாஃபு
1993 மே 19

சியோசிஃபாவுக்கு,

மூன்று வாரம் உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். உன்னை ஆலயத்தின் நடுவில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் கடைசியில் கண்ணை மூடினேன்.

எல்லாம் சரியாக இருந்தது.

சரியாக என்றால் எவ்வளவு சரியாக என்று உனக்குத் தெரியும், நீ அந்த வரிசையில் நின்றவன். மூச்செடுப்பது ஒன்றாக இருந்தது. சொல்லின் முதல் எழுத்து ஒன்றாக விழுந்தது. அடிக்குரல் கடல் போலப் பின்னால் நின்றது. மேல்குரலில் மட்டும் ஓர் ஓட்டை. லோசலினே நின்ற இடம். நான் வெட்டிய ஓட்டை.

பாட்டு முடிந்தும் நான் கண்ணைத் திறக்கவில்லை. “டீச்சர், உடம்புக்கு என்ன?” என்று சேமிசி கேட்டான். “ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க” என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் இருந்த பாய்களிலேயே நல்ல பாயை மன்னிப்புக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கீழே லோசலினே வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“உள்ள வாங்க டீச்சர். கையெல்லாம் மீன் நாத்தம்.”

“உக்கார வரல. தப்பு என்னுது. நீ பாடிக்கிட்டுத்தான் இருந்த. என் கண்ணுதான் பிந்தி வருது” என்று சொல்லிப் பாயை அவள் முன் வைத்துத் தலையைக் குனிந்தேன். தெருவில் யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, “மூணு மாசமா என் தொண்டைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன் டீச்சர். படகுல தனியா போய்ப் பாடிப் பாத்தேன். எனக்கே நான் சரியா பாடறேனான்னு தெரியல” என்றாள்.

சியோசிஃபா, எனக்குத் தலையில் அடிபட்டபோது இப்படி வலிக்கவில்லை.

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இப்ப நான் பேசறதும் உங்களுக்குப் பிந்தித்தான் தெரியுதா?” என்று கேட்டாள். “உன் வாய் எப்ப நின்னிருக்கு, வித்தியாசம் தெரிய?” என்றேன். சிரித்துவிட்டாள். தேங்காய்ப்பாலில் ஊறவைத்த பச்சை மீனைக் கொடுத்தாள், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை லோசலினேயும் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள், குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இப்படி இருக்கிறது, உங்களை நான்கு மாதம் வீணாகத் திட்டினேன், இனிமேல் கண்ணை மூடிக்கொண்டுதான் நடத்துவேன் என்றேன். போதகரும் வந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று தெரிந்ததும் அவர் மனைவிக்குச் சமாதானம். ஆனால் அவருக்கு வேறு யோசனை. “நீங்க ஓய்வெடுங்க டீச்சர். மாநாட்டுக்கு சேமிசி நடத்தட்டும். கண்ணை மூடிக்கிட்டு எப்படி?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் சேமிசி எழுந்தான். “போதகரே, நான் கண்ணை உருட்டி உருட்டிப் பாத்தாலும் இவங்க பயப்பட மாட்டாங்க. டீச்சர் கண்ணை மூடிக்கிட்டு நின்னாலும் பயப்படுவாங்க. நாங்க டீச்சர் கூடத்தான் போறோம்” என்றான். பத்து வருஷமாக என் இடத்துக்கு ஆசைப்படுகிறவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் அவன்.

நீ மன்னிப்புக் கேட்க வர வேண்டியதில்லை.

காலோலைனே


ஆக்லாந்து
1993 ஜூன் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் லோசலினே வீட்டுக்குப் போன பகுதியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிருந்து முப்பது பேர் மாநாட்டுக்கு வருகிறார்கள். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. வருகிறவர்களில் ஒருவர் வீடியோ கேமரா கொண்டுவருகிறார். நம் குழு பாடும்போது முகங்களுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். பாட்டின் நடுவில் கண்ணைத் திறக்காதீர்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் திறக்காதீர்கள். கண் திறந்திருந்தால் கை கண்ணைத்தான் நம்பும்.

சியோசிஃபா


நெயாஃபு
1993 ஜூலை 2

சியோசிஃபாவுக்கு,

கண்ணைத் திறந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். கப்பலில் பாதிப் பேர் வாந்தி. தலைநகர் நுகுஅலோஃபாவில் பன்னிரண்டு குழுக்கள், நாங்கள் ஒன்பதாவது. வெள்ளை உடை, இடுப்பில் சுற்றிய மரியாதைப் பாய், எல்லாம் ஒழுங்கு. நான் முன்னால் போய் நின்று கையை உயர்த்திக் கண்ணை மூடினேன். சபையில் சலசலப்பு. “ஜெபம் பண்றாங்களா?” என்று ஒரு கிழவி கேட்டாள். “தூங்கறாங்க” என்றான் ஒருவன். சிரிப்பு என் முதுகில் வந்து விழுந்தது. கையை இறக்கினேன். நாற்பத்தெட்டுப் பேரும் பாடத் தொடங்கினார்கள். சிரிப்பு நின்றது.

இரண்டு சரணம் முடியும் வரை நான் நின்றது இந்த உலகத்தில் இல்லை. மூன்றாவதில், மேல்குரல்கள் எல்லாம் ஒன்றாக ஏறும் இடத்தில், என்னால் முடியவில்லை. பதினாறு வருஷம் அந்த இடத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தவள் நான். அந்த முகங்களுக்காகத்தான் இந்த வேலையையே செய்கிறேன். ஒரு நொடி போதும் என்று திறந்தேன்.

வாய்கள் பிந்தி வந்தன. நீ சொன்ன மாதிரியே என் கை கண்ணை நம்பிவிட்டது. அவற்றுக்காகக் காத்தது. தாளம் இழுபட்டது. கை தப்பியது எனக்கே தெரிகிறது, ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவரத் தெரியவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

போகவில்லை. லோசலினே மூச்செடுத்தாள். அவள் தோள் ஏறியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தேழு பேரும் அவளோடு மூச்செடுத்தார்கள். என் கையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் தவறாக ஆட்டிக்கொண்டிருக்க, அவர்கள் சரியாகப் பாடிக்கொண்டு போனார்கள்.

கையை இறக்கிவிட்டேன். கண்ணை மூடவும் இல்லை. சும்மா நின்று கேட்டேன்.

முடிந்து வெளியே வந்ததும் சேமிசி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “மன்னிச்சிருங்க டீச்சர். உங்க கையை விட்டுட்டோம்.”

“விடாம இருந்திருந்தா அடிச்சிருப்பேன்” என்றேன்.

என் சொல்லை மீறாத குழு என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அன்றைக்கு மீறினார்கள் பார், அதுதான் பெருமை. நான் இல்லாமலும் பாடத் தெரிந்தவர்களை நான்தான் வளர்த்திருக்கிறேன். இது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

ஹாஅபாய் தீவுக்காரர்களுக்கு முதலிடம், நமக்கு இரண்டாவது. அவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். நான் இப்படி எழுதியதாக வெளியே சொல்லாதே.

உன் டாக்டரிடம் சொல். ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. வருகிறேன்.

காலோலைனே


ஆக்லாந்து
1993 செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நேற்றுதான் உங்களை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நேரில் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

அன்று ரூத் இரண்டு முறை தொப்பியைப் பொருத்தினாள். இரண்டு முறையும் பதிவு கெட்டது. உங்கள் கூந்தல் அடர்த்தி, அவளுக்குப் பழக்கமில்லை. நான் சொன்னபடி கதவுக்கு வெளியே நின்றேன். மூன்றாவது முறை அவள் தொடங்கும்போது நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள்.

“இந்த வேலையில இங்க யார் கை நல்ல கை?” என்று டாக்டர் இசொபெலிடம் ஆங்கிலத்தில் கேட்டீர்கள்.

அவர் கதவைக் காட்டினார்.

“அப்ப அவன் ஏன் வெளிய நிக்கிறான்?”

“உங்களைத் தொடக்கூடாதாமே. அவன்தான் சொன்னான்.”

நீங்கள் திரும்பிப் பார்க்காமலேயே, “உள்ள வா. வேலையைச் செய்” என்றீர்கள்.

என் நாற்பது வயதில் உங்களுக்கு அவ்வளவு அருகில் நான் நின்றதில்லை. கொண்டையை அவிழ்த்து, முடியை ஒவ்வொரு கீற்றாகப் பிரித்து, பசை வைத்து, முப்பத்திரண்டு இடத்திலும் கம்பியைப் பொருத்தினேன். பின்மண்டைத் தழும்பின்மேல் விரல் பட்டபோது நீங்கள் அசையவில்லை. பதிவு முதல் முறையிலேயே சுத்தமாக வந்தது. குரல் முந்துவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான் அக்கா. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

அதன் பிறகு மாநாட்டு வீடியோவைப் போட்டார்கள். படத்தை அப்படியே ஓடவிட்டு, குரலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்த வைத்தார் டாக்டர் இசொபெல். எங்களுக்கு அது தப்பாகிக்கொண்டே போயிற்று. ரூத் முகத்தைச் சுளித்தாள். நீங்கள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்தில் ஒரு பங்கு வந்த இடத்தில் உங்களுக்கு வாயும் குரலும் ஒன்றாகின, எழுந்துவிட்டீர்கள்.

“லோசலினே” என்றீர்கள். பிறகு “சேமிசி.” பிறகு ஒவ்வொரு முகமாக, வரிசை வரிசையாக. எட்டு மாதம் பிரிந்திருந்தவர்களை விமான நிலையத்தில் பார்ப்பது போல நாற்பத்தெட்டுப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். டாக்டர் இசொபெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நம் மொழி தெரியாது.

உங்கள் மூளை தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று அவர் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். நான் அதைப் பற்றி எழுதவில்லை. அன்று நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நன்றி என்று எழுதினால் சிறியதாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சியோசிஃபா


நெயாஃபு
1993 செப்டம்பர் 20

சியோசிஃபாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கண்ணும் காதும் அப்படியேதான் இருக்கின்றன. பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பார்க்கிறேன், பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான் கண்ணை மூடினால் உஷாராகிவிடுகிறார்கள். அதுவரை லாபம். கடைசிச் சரணத்தை மட்டும் லோசலினே முன்னால் வந்து நடத்துகிறாள், நான் ஒதுங்கி நின்று பார்க்கிறேன்.

நான் போன காரியம் என்ன ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கொரு கதை. கபாலத்தைத் திறந்தார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் போதகரிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். தொப்பியைப் பற்றியும், அதை யார் பொருத்தியது என்பதையும் சொன்னேன்.

ஆலயம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. பின்வரிசைப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். உன் வயதுக்காரன் ஒருவன் “அக்கா தலையிலயா?” என்று வாய்விட்டே கேட்டான்.

நான் உட்காரவில்லை. “ஆமா, என் தலையிலதான். என் தம்பிதான் தொட்டான், நான் கூப்பிட்டுத்தான் தொட்டான். அந்தப் பெரிய ஊர்ல அத்தனை படிச்சவங்க இருந்தாங்க. அந்த வேலைக்கு அவன் கையை விட நல்ல கை அங்க இல்ல. என் தலைக்கு ரெண்டாந்தரக் கை எதுக்கு?” என்றேன்.

பாட்டின் எண்ணைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

காலோலைனே